ஸ்டெம் செல் விவாதத்தில் ஒரு கூற்றை உரசிப் பார்ப்பது எப்படி

"முதிர் ஸ்டெம் செல் எத்தனையோ நோய்களைக் குணப்படுத்திவிட்டது, கரு ஸ்டெம் செல்லால் ஒன்றுகூட முடியவில்லை" என்று ஒரு தரப்பு சொல்கிறது. "கரு செல் ஆராய்ச்சிக்கு வழிவிடுங்கள், பார்க்கின்சனும் சர்க்கரை நோயும் ஒழிந்துவிடும்" என்கிறது மறுதரப்பு. ஸ்டெம் செல் என்பது தானும் பெருகி, வேறு வகைச் செல்லாகவும் மாறக்கூடிய மூலச் செல். இரண்டு கூற்றையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. சில கேள்விகளை வரிசையாகக் கேட்டால் எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று தெரிந்துவிடும்.

முதல் கேள்வி: செல் எங்கிருந்து எடுக்கப்பட்டது?

கருவுற்று ஐந்தாறு நாளான, இன்னும் கருப்பையில் ஒட்டாத, பிளாஸ்டோசிஸ்ட் எனப்படும் ஆரம்பநிலைக் கருவின் உள்ளே இருக்கும் செல் கொத்திலிருந்து எடுப்பதுதான் கரு ஸ்டெம் செல். எடுக்கும்போது அந்தக் கரு அழிகிறது. சச்சரவு முழுவதும் இதைச் சுற்றித்தான். ஆனால் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு புதுக் கரு தேவையில்லை. ஒருமுறை வளர்ப்பில் நிலைபெற்ற செல் வரிசை வருடக்கணக்கில் பெருகிக்கொண்டே இருக்கும். 1998இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன் குழு உருவாக்கிய எச்9 என்ற வரிசை இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

எலும்பு மஜ்ஜை, ரத்தம், கொழுப்பு, கருவிழி ஓரத்து லிம்பஸ் ஆகியவற்றிலிருந்து வருபவை முதிர் ஸ்டெம் செல்கள். பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தமும் இந்தக் கணக்கில்தான் சேரும். அதைக் கரு செல் என்று எழுதியிருந்தால் அந்தக் கட்டுரையை மேற்கொண்டு நம்பாதீர்கள். கருச்சிதைவுத் திசுவிலிருந்து எடுப்பது வேறு வகை. தோல் அல்லது ரத்த செல்லைப் பின்னோக்கித் திருப்பி உருவாக்கும் ஐபிஎஸ் செல் இன்னொரு வகை. ஷின்யா யமனாகா 2006இல் எலி செல்லிலும் 2007இல் மனித செல்லிலும் இதைச் செய்துகாட்டினார்.

இரண்டாவது கேள்வி: "குணமாக்கியது" என்றால் என்ன?

இங்கேதான் பொறுமை வேண்டும். முதிர் செல்லால் தீர்ந்த நோய்கள் என்று 65 பெயர் கொண்ட ஒரு பட்டியல் அமெரிக்காவில் சுற்றிவந்தது. 2006இல் மூன்று அறிவியலாளர்கள் அதை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து 'சயின்ஸ்' இதழில் கடிதம் எழுதினார்கள். முறையான சிகிச்சையாக ஏற்கப்பட்டவை ஒன்பதுதான் என்பது அவர்கள் முடிவு. இப்படி ஒரு பட்டியல் கைக்கு வந்தால் நீங்களும் அதையே செய்யலாம். ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: ஏற்கப்பட்ட சிகிச்சை, பரிசோதனையில் இருப்பது, ஓரிரு நோயாளிகளின் அனுபவம் மட்டும். பட்டியலின் ஒவ்வொரு பெயரையும் ஏதாவது ஒரு கட்டத்தில் போட்டே ஆக வேண்டும் என்று வைத்துக்கொண்டால், மூன்றாவது கட்டம் வேகமாக நிறையும்.

அடுத்து, முதல் கட்டத்தில் நிற்பவற்றில் செல் உண்மையில் என்ன வேலை செய்தது என்று பாருங்கள். விரைப்புற்று (ஆண்களின் விதைகளில் வரும் புற்றுநோய்) அந்தப் பட்டியலில் இருந்தது. அங்கே நடப்பது இதுதான்: நோயாளிக்கு நான்கைந்து நாள் ஜி-சிஎஸ்எஃப் ஊசி போட்டு மஜ்ஜை செல்களை ரத்தத்துக்கு வரவழைப்பார்கள். ரத்தத்தை அஃபெரிசிஸ் இயந்திரம் வழியாகச் செலுத்தி அந்தச் செல்களை மட்டும் பிரித்தெடுப்பார்கள். உடல் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 20 லட்சம் சிடி34 செல் (அந்த அடையாளப் புரதம் கொண்ட ரத்த ஸ்டெம் செல்) தேவை. அதற்குக் கீழே போனால் ரத்த அணுக்கள் மீள்வது தாமதமாகும், கிருமித்தொற்று அபாயம் கூடும். எடுத்ததை, உறையும்போது செல் சிதையாமல் காக்கும் டிஎம்எஸ்ஓ திரவம் சேர்த்து உறையவைத்துவிட்டு, அதிக அளவு கீமோ கொடுப்பார்கள். பிறகு செல்களைத் திரும்ப ஏற்றுவார்கள். சுமார் 10 முதல் 14 நாளில் வெள்ளணுக்கள் தலைகாட்டும். புற்றை அழித்தது கீமோ மருந்து. அந்த மருந்தால் அழிந்த மஜ்ஜையை ஸ்டெம் செல் மீட்டது. உயிர்காக்கும் வேலைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் "ஸ்டெம் செல் புற்றுநோயைக் குணப்படுத்தியது" என்று எழுதினால் அது பொய்யான வாக்கியம்.

ரத்தப்புற்று, தலசீமியா போன்றவற்றில் கொடையாளியின் மஜ்ஜை செல்லே சிகிச்சை. லிம்பஸ் செல் கருவிழிப் பரப்பை மீட்கிறது. இவை முதிர் செல்லின் அசல் வெற்றிகள். வேலூர் சிஎம்சியில் கடும் ஹீமோஃபிலியா ஏ நோயாளிகளின் ரத்த ஸ்டெம் செல்லில் மரபணுவை ஏற்றிச் செய்த சிகிச்சையின் முடிவு 2024இல் வெளியானது. அதுவும் முதிர் செல்தான். நோயாளிகள் ஐந்து பேர் என்பதால் இரண்டாவது கட்டத்தில் போடுங்கள்.

மூன்றாவது கேள்வி: எத்தனை வருடம், எவ்வளவு பணம்?

மஜ்ஜை மாற்று முயற்சிகள் 1950களிலேயே தொடங்கிவிட்டன. மனிதக் கரு செல் கைக்கு வந்ததே 1998. 2001 ஆகஸ்ட் 9 முதல் 2009 மார்ச் வரை, அதிபர் புஷ்ஷின் அறிவிப்புக்கு முன்பே இருந்த கரு செல் வரிசைகளுக்கு மட்டுமே அமெரிக்க மத்திய அரசின் நிதி கிடைத்தது. ("புஷ் தடை செய்தார்" என்று எழுதுவதும் தவறு; தனியார் பணத்தில் ஆராய்ச்சி செய்ய மத்திய அரசின் தடை இல்லை.) அமெரிக்காவின் ஜெரான் நிறுவனம் கரு செல்லை வைத்து 2010இல் தொடங்கிய தண்டுவடப் பரிசோதனையை 2011இல் கைவிட்டதற்குச் சொன்ன காரணம் நிதி. இந்தப் பின்னணியைச் சொல்லாமல் "கரு செல்லின் கணக்கில் பூஜ்ஜியம்" என்பது நேர்மையான ஒப்பீடு ஆகாது. எச்9 வரிசையிலிருந்து செய்த நரம்பு செல்லைப் பார்க்கின்சன் நோயாளிகள் 12 பேரின் மூளையில் வைத்த பரிசோதனையின் முடிவு 2025இல் 'நேச்சர்' இதழில் வந்தது. பாதுகாப்பு பற்றி அது நம்பிக்கை தருகிறது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறு பரிசோதனை என்பதால் பலன் நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

நான்காவது: எங்கே கெடும் என்று கேளுங்கள். கரு செல்லில் உருமாறாமல் மிஞ்சிய செல்கள் டெரட்டோமா என்ற, பலவகைத் திசுக்கள் கலந்த கட்டியாகலாம். நோயாளியின் உடல் அந்நியச் செல்லை நிராகரிக்கலாம். ஐபிஎஸ்ஸில் மரபணுப் பிழை புகலாம். ஜப்பானில் 2014இல் தொடங்கிய விழித்திரைப் பரிசோதனை இரண்டாம் நோயாளியிடம் நின்றது இதனால்தான். முதிர் செல் "சொந்த செல், ஆபத்தில்லை" என்பவர்களிடம் ஃபுளோரிடா சம்பவத்தைச் சொல்லுங்கள்: கொழுப்பிலிருந்து எடுத்த செல்லைக் கண்ணுக்குள் ஊசியாகப் போட்டு மூன்று பெண்கள் பார்வை இழந்தது 2017இல் மருத்துவ இதழில் பதிவானது.

கரு உயிரின் மதிப்பு பற்றிய கேள்வியைத் தனியாக வையுங்கள். கருவை அழிப்பது தவறு என்று நம்புகிறவர், நாளை அது பார்க்கின்சனைத் தீர்த்தாலும் தவறு என்றுதான் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வது மதிக்கத்தக்க நிலைப்பாடு. அதற்கு முட்டுக்கொடுக்க மருத்துவப் புள்ளிவிவரத்தை வளைப்பதுதான் விவாதத்தைக் கெடுக்கிறது.

இந்தியாவில் ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்கான மஜ்ஜை வகைச் செல் மாற்று போன்ற ஏற்கப்பட்டவை தவிர மற்ற ஸ்டெம் செல் சிகிச்சையெல்லாம் பரிசோதனைக்குள் மட்டுமே நடக்கலாம். மனிதக் கருவை 14 நாளுக்கு மேல் ஆய்வகத்தில் வளர்க்கக் கூடாது. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல்லைப் பரிந்துரைக்கவில்லை என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு 2022இல் சொல்லிவிட்டது. யாராவது சிகிச்சை என்று அழைத்தால் சிடிஆர்ஐ (மருத்துவப் பரிசோதனைகளுக்கான இந்தியப் பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்கள். அதில் சிடிஆர்ஐ என்ற எழுத்துகளை அடுத்து வருடம், மாதம், வரிசை எண் இருக்கும். பதிவேட்டில் தேடி, எந்த நோய், எந்த மருத்துவமனை என்பது பொருந்துகிறதா என்று பாருங்கள். பதிவு இருப்பதாலேயே அனுமதி இருக்கிறது என்று ஆகாது. நெறிமுறைக் குழு ஒப்புதலையும் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியையும் எழுத்தில் கேளுங்கள். பரிசோதனையில் சேரும் நோயாளியிடம் அந்தச் சிகிச்சைக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. லட்சங்களில் தொகை சொன்னால் அங்கே நடப்பது ஆராய்ச்சி அல்ல. முன்பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.