புது டைவிங் மாஸ்க்குக்கு வெள்ளைப் பற்பசை

அந்தமானில் ஸ்கூபா டைவிங் செய்யப் புது மாஸ்க் வாங்கினால், கிளம்பும் முன்பே தண்டையார்பேட்டை வீட்டுக் குழாயடியில் கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளைப் பற்பசை தடவி, விரலால் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். ஜெல் வேண்டாம், அதில் உரசல் போதாது. புதுக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய சிலிக்கோன் படலத்தில் மூச்சின் ஈரம் பொட்டுப்பொட்டாக நின்று மங்கலாக்கும். பற்பசையின் நுண்துகள்கள் அதைச் சுரண்டி எடுத்துவிடும். ரப்பரை ஒட்டிய ஓரத்தில்தான் படலம் அதிகம் தங்கும், அங்கே கொஞ்சம் கூடுதலாகத் தேய்க்கவும். காசிமேட்டில் கூடையில் கிடக்கும் திருக்கையை உயிரோடு பார்க்கக் காசு செலவழித்துப் போய், எல்லாம் மங்கலாகத் தெரிந்தால் என்ன பயன்?

பிளாஸ்டிக் லென்ஸ், பனி படியாத பூச்சு உள்ள கண்ணாடி இரண்டுக்கும் இது ஆகாது, கீறல் விழும். வாடகை மாஸ்க்குக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. இறங்கும் முன் ஒரு சொட்டு பேபி ஷாம்பு தடவி அலசினால் சரி.