கால்நடை மருத்துவர் சங்கம்: சேரும்போதும் சேர்ந்த பிறகும் நாம் செய்யும் தவறுகள்

"நான்தான் ஏற்கெனவே மாநில கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு செய்திருக்கிறேனே, சங்கம் வேறு எதற்கு?" என்று இளம் மருத்துவர்கள் கேட்கிறார்கள். முதல் தவறு இங்கேதான் தொடங்குகிறது. மன்றம் 1984ஆம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி இயங்குவது. தொழில் ஒழுங்கு தவறினால் விசாரிப்பதும் அதுதான். உங்கள் பக்கம் நின்று பேசுவது அதன் வேலை இல்லை, அதற்குத்தான் சங்கம்.

அடுத்தது, சிக்கல் வந்த பிறகு சங்கத்தைத் தேடுவது. சினை மாடு இறந்து, உரிமையாளர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டார். அன்று மாலை சந்தா கட்ட வருகிறார் மருத்துவர். சிகிச்சைக் குறிப்பை அன்றன்றே எழுதி வைக்க வேண்டும், இறப்பில் தகராறு வரும் என்று தோன்றினால் பிரேதப் பரிசோதனையை வேறொரு மருத்துவரைக் கொண்டு செய்ய வேண்டும் என்பதையெல்லாம் முன்னரே கேட்டுத் தெரிந்துகொள்ளும் இடம் சங்கம்.

மூன்றாவது தவறுதான் என்னை அதிகம் வருத்துகிறது: சேர்ந்துவிட்டு வாய் திறக்காமல் இருப்பது. நான் தொழிலுக்கு வந்த முதல் ஆண்டில், கன்று ஈன்று மூன்று வாரமான ஜெர்சி கலப்பினப் பசு ஒன்று காப்பி நிறத்தில் சிறுநீர் கழித்தது. உண்ணியால் வரும் பபேசியா காய்ச்சல் என்றே முடிவு கட்டி, மருந்தையும் கையில் எடுத்துவிட்டேன். ஏதோ உறுத்தவே, மாவட்டக் கூட்டத்தில் ஒரே ஒருமுறை பேசியிருந்த மூத்த மருத்துவரை அழைத்தேன். "காய்ச்சல் எவ்வளவு தம்பி? கன்று போட்டு எத்தனை நாள்?" என்று இரண்டே கேள்வி கேட்டார். காய்ச்சல் துளியும் இல்லை. "அப்படியென்றால் பாஸ்பரஸ் குறைவாக இருக்கும். சோடியம் ஆசிட் பாஸ்பேட் ஏற்றிப் பாருங்கள்" என்றார். மூன்றாம் நாள் சிறுநீர் தெளிந்தது. பசு தீவனத்தில் வாய் வைத்தது. கூட்டத்தில் அன்று நான் ஒதுங்கி உட்கார்ந்திருந்தால் அவருடைய எண்ணே என்னிடம் இருந்திருக்காது.

இன்று வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஆனால் "மாடு எழவில்லை, என்ன செய்யலாம்?" என்று ஒற்றை வரி போட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்? உடல் வெப்பம், ஈன்ற நாள், பால் அளவு, இதுவரை கொடுத்த மருந்து ஆகியவற்றை எழுதுங்கள். முடிவையும் எழுதுங்கள். பிழைத்த மாட்டின் படம் உடனே வருகிறது. செத்த மாட்டைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. நமக்குப் பாடம் அதில்தான் அதிகம்.

தனியாகத் தொழில் செய்பவர்கள், சங்கம் அரசு மருத்துவர்களுக்கானது என்று ஒதுங்குவதும் தவறு. தகவல் தாமதமாக வந்து சேர்வது அவர்களுக்குத்தானே? மருந்து ஏறிய மாட்டின் சடலத்தைத் தின்று சாகும் பிணந்தின்னிக் கழுகுகளைக் காப்பாற்றக் கால்நடைகளுக்கான வலி நிவாரணி டைக்ளோஃபினாக் 2006இல் தடை செய்யப்பட்டது. 2023இல் அசிக்ளோஃபினாக், கீட்டோபுரோஃபென் ஆகியவையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கில் இன்னும் கழுகுகள் இருக்கின்றன. அதன் சுற்றுவட்டாரத்தில் பழைய புட்டி ஒன்றை எடுத்து ஊசி போடும் மருத்துவருக்குத் தடையைச் சொல்ல ஒரு சக மருத்துவர் வேண்டாமா? மாற்று வலி நிவாரணியான மெலாக்சிகாமால் கழுகுகளுக்குத் தீங்கில்லை என்பதையும் அவரே சொல்லிவிடுவார்.

சந்தா கட்டிவிட்டு விதிமுறைகளைப் படிக்காமல் விடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுப் பொதுக்குழுவுக்குப் போங்கள்; வரவு செலவைக் கேளுங்கள். கூட்டம் எப்போதும் இரவு எட்டு மணிக்கே நடந்தால், கைக்குழந்தையோடு இருக்கும் பெண் மருத்துவரும், தொலைவிலுள்ள கிராம மருந்தகத்தில் இருப்பவரும் எப்படி வருவார்கள்? ஞாயிறு காலைக்கு மாற்றச் சொல்லிச் செயலாளரிடம் எழுத்திலேயே கொடுங்கள்.