ஓகஸ்ட் லீவுக்கு டுபாயில் மலிவு ஹோட்டல்: கொழும்பிலிருந்து போகிறவர்கள் விடும் தவறுகள்

“எங்களுக்கு வெயில் புதுசா?” என்று கேட்டுக்கொண்டு கட்டுநாயக்கவில் விமானம் ஏறுவதுதான் முதல் தவறு. கொழும்பில் வருடம் முழுக்கப் பகல் வெப்பம் 30, 31 பாகையைச் சுற்றியே நிற்கும். பின்னேரமானால் காலிமுகத்திடலில் காற்று வந்து ஆளை ஆற்றிவிடும். டுபாயில் ஓகஸ்ட் மாதப் பகல் சராசரியே 41 பாகையளவு. 45ஐத் தாண்டும் நாட்களும் உண்டு. இரவில்கூட 30 பாகையைச் சுற்றியே நிற்கும். கடல் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் கடலே சுட்டுப்போய்க் கிடப்பதால் அங்கிருந்து வரும் காற்று புழுக்கத்தைத்தான் கொண்டுவரும்.

பள்ளிக்கூட லீவு வருவதும், டுபாய் ஹோட்டல்கள் ஆளில்லாமல் விலையைக் குறைப்பதும் ஒரே காலம். அதனால்தான் டுபாயின் பழைய நகரப் பகுதிகளான டெய்ராவிலும் பர் டுபாயிலும் அந்த மாதம் எங்கள் சனம் நிறைய. மலிவாகப் போவதில் பிழையில்லை. கட்டிலையும் காலைச் சாப்பாட்டையும் பார்த்து அறை எடுத்துவிட்டு, குளிரையும் நேரத்தையும் பார்க்காமல் விடுவதில்தான் பிழை.

திகதியை மாற்றிப் போடுவது

டுபாய் நேரம் எங்களைவிட ஒன்றரை மணித்தியாலம் பின்னால். பறக்கும் நேரம் நாலரை முதல் ஐந்து மணித்தியாலம். 11ஆம் திகதி இரவு 10.30க்குக் கொழும்பில் ஏறினால், டுபாயில் இறங்கும்போது 12ஆம் திகதி அதிகாலை ஒன்றே முக்கால் அளவில் இருக்கும். “12ஆம் திகதிதானே போய்ச் சேருகிறோம்” என்று 12க்கு அறை பதிவு செய்தால், அந்த அறை உங்களுக்குக் கிடைப்பது 12 பிற்பகல் இரண்டு மணிக்கு. பதிவு செய்ய வேண்டியது 11ஆம் திகதி இரவுக்கு. செய்ததோடு நிற்காமல், நள்ளிரவு தாண்டித்தான் வருவோம் என்று ஹோட்டலுக்கு எழுதி, விமான இலக்கத்தையும் கொடுத்து, பதில் வாங்கி வையுங்கள். சொல்லாமல் விட்டால், வராத ஆள் என்று பதிவை மூடிவிட்டு அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடக் கூடும்.

அதிகாலை மூன்று மணி விமானம் எடுப்பவர்களுக்கு வேறு விதமான சிக்கல். டுபாயில் இறங்கும்போது காலை ஆறேகால். அறை இரண்டு மணிக்கு. பிள்ளைகளையும் பெட்டிகளையும் வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட எட்டு மணித்தியாலம் எங்கே இருப்பது? பெட்டிகளைக் கவுண்டரில் வைத்துவிட்டு வெளியே சுற்றலாம் என்பது குளிர்காலத்துக்குச் சரி. ஓகஸ்டில் பத்து மணிக்கே தெரு கொதிக்கத் தொடங்கிவிடும். பெரிய மோல்களும் பத்து மணியளவில்தான் கடை திறக்கும். இந்த விமானத்தில் போவதென்றால் முந்தைய இரவுக்கும் சேர்த்துக் காசு கட்டுங்கள், அல்லது நேரத்தோடு அறை தருவதற்கு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். விமான டிக்கட்டில் மிச்சம் பிடித்த காசு இதில் போய்விடும் என்றால், பகல் விமானமே நல்லது.

இணையத்தில் காட்டும் விலையை முழு விலை என்று நம்புவது

ஓர் இரவுக்கு 150 திர்ஹம் என்று பார்த்து நாலு இரவுக்கு 600 என்று கணக்குப் போடுகிறீர்கள். கீழே சின்ன எழுத்தில் வரி சேராத விலை என்று இருந்தால் கணக்கு இப்படிப் போகும்: சேவைக் கட்டணம் 10 வீதம், அதாவது 60. மாநகரக் கட்டணம் 7 வீதம், 42. அறை விலைக்கும் சேவைக் கட்டணத்துக்கும் சேர்த்து 5 வீத வற் வரி, 33. ஆக 735. இதற்கு மேல் ‘டூரிசம் திர்ஹம்’ என்று ஒன்று உண்டு. 2014இலிருந்து வாங்குகிறார்கள். ஹோட்டலின் தரத்தைப் பொறுத்து அறைக்கு ஓர் இரவுக்கு 7 முதல் 20 திர்ஹம் வரை. பத்து என்று வைத்தால் இன்னும் 40. எல்லாம் சேர்த்து 775. இந்தக் கடைசிக் கட்டணம், இணையத்தில் முழுக் காசும் கட்டியவரிடமும் அநேகமாகக் கவுண்டரில் வைத்துத்தான் கேட்கப்படும். ஏமாற்று என்று சண்டை பிடிக்கத் தேவையில்லை. அது அரசாங்கத்துக்குப் போவது.

அடுத்தது வைப்புக் காசு. 100, 200 திர்ஹம் கேட்பார்கள். இதை டெபிட் கார்ட்டில் கொடுக்கவே வேண்டாம். ஹோட்டல் விடுவித்தாலும் எங்கள் வங்கிக் கணக்குக்குத் திரும்ப நாளாகும். சிலவேளை கிழமைக் கணக்கிலும் இழுக்கும். தாளாகக் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வேறு எதற்கும் கார்ட் போடும்போது, மெஷின் ‘இலங்கை ரூபாயா, திர்ஹமா’ என்று கேட்டால் திர்ஹத்தை அழுத்துங்கள். ரூபாய் என்று அழுத்தினால் அந்த இடத்திலேயே மோசமான மாற்று விலை போட்டுவிடும். திர்ஹம் 1997இலிருந்து டொலருக்கு 3.6725 என்று கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே கையில் டொலர் கொண்டுபோய் டெய்ராவில் மாற்றினாலும் பெரிய ஏற்ற இறக்கம் இராது. இலங்கை ரூபாயை அங்கே கொண்டுபோய் மாற்றுவதுதான் நட்டம்.

வரைபடத்தில் பக்கம் என்று நினைப்பது

‘மெட்ரோவுக்கு 900 மீற்றர்’ என்று போட்டிருக்கும். வெள்ளவத்தையில் ஸ்டேஷனிலிருந்து காலி வீதிக்கு நடப்பது போல நினைத்துவிடுகிறோம். 42 பாகையில் நிழலில்லாத தெருவில், கையில் பிள்ளையோடு 900 மீற்றர் என்பது நீண்ட தூரம். ஓகஸ்டில் 400 மீற்றருக்கு மேல் வேண்டாம். டெய்ராவில் அல் ரிக்கா, யூனியன், பனியாஸ் சதுக்கம், பர் டுபாய்ப் பக்கம் புர்ஜுமான் ஆகிய நிலையங்களை ஒட்டித் தேடுங்கள். மெட்ரோவின் சிவப்புப் பாதை விமான நிலையத்தின் 1ஆம், 3ஆம் முனையங்களுக்குள்ளேயே வருகிறது. 2ஆம் முனையத்துக்கு மெட்ரோ இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத்தான் மெட்ரோ ஓடத் தொடங்கும் என்பதையும் பலர் நிலைய வாசலில் நின்றுதான் அறிகிறார்கள். மெட்ரோவில் ஏறத் தேவையான வெள்ளி நிற நோல் கார்ட் 25 திர்ஹம். அதில் 19 திர்ஹம் பயணத்துக்கு இருக்கும். மெட்ரோவுக்குள் தின்றால், குடித்தால் 100 திர்ஹம் தண்டம். தண்ணீரும் அதில் சேர்த்தி. ஏறும் முன்பே குடித்துவிடுங்கள்.

ஷார்ஜாவில் இன்னும் மலிவு என்று போவோர் உண்டு. அங்கே மெட்ரோ கிடையாது. தினமும் டுபாய்க்கு வந்து போகும் வாகன நெரிசலில் மிச்சம் பிடித்ததும் போய், நாளும் போகும்.

டெய்ரா, பர் டுபாய் ஹோட்டல்கள் பலவற்றின் கீழ்த்தளத்தில் இரவு கிளப் இருக்கும். அதிகாலை மூன்று வரை பேஸ் அடி சுவரால் ஏறி வரும். குடும்பமாகப் போகிறவர்கள் பதிவு செய்ய முன் இதைக் கேட்டே ஆக வேண்டும். நாலு பேர், ஐந்து பேர் என்றால் ‘ஹோட்டல் அபார்ட்மென்ட்’ எடுப்பதே எங்கள் கணிப்பில் புத்தி. அடுப்பும், பல இடங்களில் உடுப்புத் தோய்க்கும் மெஷினும் இருக்கும். சாதாரண ஹோட்டல் அறையில் ரைஸ் குக்கர் வைத்துக் கருவாடு பொரிக்கப் போனால் புகைமணி அடிக்கும், தண்டமும் வரும். அங்கே வேலை செய்யும் அண்ணன் மகன் பார்க்க வந்து ‘இரவு இங்கேயே படுக்கட்டும்’ என்பதும் சரிவராது. தங்கும் ஒவ்வொருவரும் அடையாள ஆவணம் காட்டிப் பதிய வேண்டும்.

அறைக்குள் ஏறியதும் பெட்டியைத் திறப்பது

பெட்டியை வாசலில் வைத்துவிட்டு முதலில் ஏசியைப் பாருங்கள். மேல் மாடியும் மேற்குப் பார்த்த யன்னலும் சேர்ந்த அறை என்றால் அப்போதே மாற்றிக் கேளுங்கள். மொட்டை மாடி பகல் முழுக்கக் குடித்த சூட்டை இரவு முழுக்கக் கீழே விடும். ரிமோட்டில் பனிப்பூ அடையாளம் இருக்கிறதா பாருங்கள். சூரிய அடையாளம் என்றால் அது சூடாக்கும் முறை. பத்து நிமிடம் ஓடவிட்டுக் காற்று வரும் வாயில் கை வையுங்கள். அறைக் காற்றைவிட எட்டு, பத்து பாகையாவது குளிராக வர வேண்டும்.

வந்த சூட்டில் 16க்கு இறக்குவதுதான் எல்லோரும் செய்வது. 16இல் வைத்தால் சாதாரண ஏசி வேகமாகக் குளிராக்காது. நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். மலிவு ஹோட்டல்களில் வடிகட்டி தூசி பிடித்துக் காற்றோட்டம் குறைந்திருந்தால், நிற்காமல் ஓடும்போது உள்ளே சுருளில் ஐஸ் கட்டிவிடும். பிறகு காற்றே வராது, கீழே தண்ணீர் சொட்டும். அப்படி நடந்தால் குளிரை நிறுத்தி, விசிறியை மட்டும் ஒரு மணித்தியாலம் ஓடவிட்டால் ஐஸ் உருகும். வடிகட்டியைக் கழுவச் சொல்லி ஆளைக் கூப்பிடுங்கள். 23, 24இல் வைத்து யன்னலை இறுக்கிச் சாத்தினால் போதும். ‘கொஞ்சம் காற்று வரட்டும்’ என்று யன்னல் திறந்தால் வெளி ஈரம் உள்ளே வந்து, கண்ணாடியும் சுவரும் வேர்த்துவிடும்.

வாசலில் கார்ட் திறப்பைச் செருகினால்தான் கரண்ட் வரும். எடுத்துக்கொண்டு போனால் ஏசியும் நிற்கும், சார்ஜில் போட்ட போனும் நிற்கும். ஆகவே காலையில் வெளிக்கிடும்போதே தடித்த திரைச்சீலையை முழுக்க மூடிவிட்டுப் போங்கள். பிளக் அங்கே சதுர மூன்று முனை, 13 அம்பியர். இங்கே புது வீடுகளிலும் அதுதான் என்பதால் அந்த வீட்டுக்காரருக்குப் பிரச்சினையில்லை. பழைய வட்ட முனை சார்ஜர் என்றால் அடாப்டர் வேண்டும்.

குளிர்ந்த தண்ணீர்க் குழாயை நம்புவது

நீலப் புள்ளி போட்ட குழாயைத் திறந்தால் சுடு தண்ணீர் வரும். ஹோட்டல் ஆட்கள் பிழையாகப் பொருத்தவில்லை. தண்ணீர்த் தாங்கி மொட்டை மாடியில், வெயிலில். பிற்பகலில் அது உடம்பு தாங்காத சூட்டில் இறங்கும். கழிப்பறையில் கைப்பீச்சுக் குழாயைப் பாவிக்க முன்னும் சற்று நேரம் வெளியே விட்டுப் பாருங்கள். இதைச் சொல்லித்தர வேறு ஆள் கிடைக்காது.

அங்கே குடியிருப்போர் செய்யும் வேலை இது: குளியலறைக் கூரைக்குள் தனி ஹீட்டர் இருந்தால், அதன் சுவிச்சை முதல் நாளே நிறுத்திவிடுவார்கள். ஹீட்டருக்குள் நிற்கும் தண்ணீர் ஏசி அறைக்குள் இருப்பதால் மெல்ல ஆறிவிடும். பிறகு சிவப்புக் குழாயில்தான் குளிர்ந்த தண்ணீர். ஒரு ஹீட்டர் கொள்ளும் அளவுக்குத்தான் வரும் என்பதால் முதலில் பிள்ளைகளைக் குளிக்க விடுங்கள். கட்டடம் முழுதுக்கும் ஒரே ஹீட்டர் என்றால் இது பலிக்காது. விடியற்காலையில் குளிப்பதுதான் வழி.

குளியலறையில் சாக்கடை நாற்றம் அடித்தால் வாசனைப் புட்டி அடிக்காதீர்கள். ஆள் இல்லாமல் கிடந்த அறையில் தரை வடிகாலின் வளைவுக்குள் நிற்கும் தண்ணீர் வற்றிப்போயிருக்கும். ஒரு லீற்றர் தண்ணீரை மெதுவாக ஊற்றினால் அடைத்துக்கொள்ளும்.

குடிக்கத் தண்ணீரை அறைக் குளிர்ப்பெட்டியில் எடுக்காமல் சுப்பர்மார்க்கட்டில் பெரிய போத்தலாக வாங்கி வையுங்கள். இங்கிருந்தே நாலைந்து ஜீவனி பைக்கற்று (உடம்பில் நீர் வற்றினால் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) கொண்டுபோங்கள். ஒன்றை ஒரு லீற்றரில் முழுதாகக் கரைக்க வேண்டும், அரைப் போத்தலில் கரைத்துச் செறிவாக்கக் கூடாது.

நடுப்பகலில் வெளியே நிற்பது

ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெயிலில் தொழிலாளரை வேலை வாங்குவதை அங்கே சட்டமே தடுக்கிறது. பழகிய ஆட்களுக்கே அப்படியென்றால், நேற்று வந்த உங்களுக்கு அந்த நேரம் அறையிலோ மோலிலோ நித்திரைதான். ஒரு திர்ஹம் கொடுத்து ஆப்ரா படகில் டெய்ராவுக்கும் பர் டுபாய்க்கும் நடுவிலுள்ள ஓடையைக் கடப்பதை மாலை ஆறுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தலைச்சுற்றும் தசைப்பிடிப்பும் என்றால் குளிரான இடத்தில் படுக்கவைத்து ஜீவனி கொடுங்கள். பேச்சுத் தடுமாறி, உடம்பு நெருப்பாய்ச் சுட்டால் 998க்கு அடித்து அம்புலன்ஸ் கூப்பிடுங்கள். வரும் வரை ஈரத் துணியால் ஒற்றி விசிறுங்கள்.

பெட்டிக்குள் போவதும் வருவதும்

வெற்றிலை, பாபுல் என்ற மெல்லும் பாக்கு எதுவும் கொண்டுபோகாதீர்கள், அங்கே தடை. கசகசாவும் தடை. எங்கள் ஆட்கள் பலூடாவுக்குப் போடும் கறுப்பு விதையையும் ‘கசகசா’ என்றுதான் சொல்கிறோம். அது வேறு விதை என்றாலும், பைக்கற்றில் அந்தப் பெயர் இருந்தால் சுங்கத்தில் நின்று தாவரவியல் விளக்க வேண்டி வரும். கொடீன், டிரமடோல் கலந்த மாத்திரைகளுக்கு அங்குள்ள அரசாங்கத்தின் முன் அனுமதி தேவை.

திரும்பும் நாளில் பன்னிரண்டு மணிக்கு அறையை விட வேண்டும், விமானமோ பெரும்பாலும் இரவில். மாலை ஆறு வரை அறையை நீட்டிக்க எவ்வளவு என்று முதல் நாள் இரவே பேசுங்கள். கோடையில் அறைகள் வெறுமையாகக் கிடப்பதால் பேச்சுக்கு இடமுண்டு. மெட்ரோவில் ஒருவருக்கு ஒரு பெரிய பெட்டி, ஒரு சின்னப் பெட்டி மட்டுமே: பெரியது 81க்கு 58க்கு 30 சென்ரிமீற்றர், சின்னது 55க்கு 38க்கு 20. அதற்கு மேல் என்றால் டாக்சிதான். டெய்ராவில் வாங்கிய கம்பளிப் போர்வையை உருண்டையாகச் சுருட்டிக் கயிறு கட்டிக்கொண்டு போகாதீர்கள். ஒரு பக்கமாவது தட்டையாக இல்லாத பொதியை டுபாய் விமான நிலையம் 2017இலிருந்து ஏற்பதில்லை. அங்கேயே காசு கட்டி வேறு பெட்டிக்குள் அடைக்க வேண்டும். ஹோட்டலுக்குப் பக்கத்துக் கடையில் ஒரு வெறும் கார்ட்போட் பெட்டியும் ஒட்டு நாடாவும் முதல் நாளே கேட்டு வாங்கி வையுங்கள்.