அறுபதுக்கு மேல் முதல் மாதிரி ரயில்: ஒரு பலகை, மூன்று சைடிங், எட்டு வேகன்

முதல் லேஅவுட்டை, அதாவது மாதிரி ரயில் ஓடும் பலகை அமைப்பை, ஆரம்பித்தபோது எனக்கு வயது 61. எட்டடிக்கு நாலடி பிளைவுட் ஒன்றை முழுசாக வாங்கிச் சுவரோரம் போட்டேன். இரட்டை வட்டப் பாதை, மலை, சுரங்கம் என்று பெரிய திட்டம். மூன்று மாதத்தில் கைவிட்டேன். ஆர்வம் குறையவில்லை, உடம்புதான் ஒத்துழைக்கவில்லை. நாலடி என்றால் 122 சென்டிமீட்டர். என் கை வசதியாக எட்டுவது 60, எக்கி நீட்டினால் 75. சுவர்ப் பக்கம் ஒரு வேகன் தடம் புரண்டால் பலகைமேல் சாய்ந்து படுக்க வேண்டியிருந்தது. ஒயர் இழுக்கத் தரையில் மல்லாந்து படுக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது முறை 180 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பலகை செய்தேன். அது முழுதாக முடிந்தது. இப்போதும் தினமும் ஓடுகிறது. வயது கூடிய பிறகு இந்தப் பொழுதுபோக்குக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் கைக்கும் முதுகுக்கும் கண்ணுக்கும் ஏற்ற அளவில் ஆரம்பியுங்கள். அப்படி ஒன்றை எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. அளவைத் தேர்ந்தெடுப்பது

மாதிரி ரயிலில் ‘ஸ்கேல்’ என்பது நிஜ ரயிலை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்பது. ஹெச்ஓ என்றால் 87-இல் ஒரு பங்கு. நிஜத்தில் 1435 மில்லிமீட்டர் அகலமுள்ள பாதையை 87-ஆல் வகுத்தால் 16.5 மில்லிமீட்டர் வரும், அதுதான் ஹெச்ஓ தண்டவாள இடைவெளி. பிரிட்டனில் அதிகம் புழங்கும் ஓஓ கொஞ்சம் பெரியது, 76-இல் ஒரு பங்கு. ஆனால் அதுவும் அதே 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில்தான் ஓடும். ‘N’ ஸ்கேல் 160-இல் ஒரு பங்கு, பாதை 9 மில்லிமீட்டர்.

இடம் குறைவு என்பதால் பலரும் ‘N’ ஸ்கேலுக்குப் போகிறார்கள். சின்னப் பலகையில் நிறைய ஓடும், அது உண்மை. ஆனால் அந்தச் சக்கரங்களைத் தண்டவாளத்தில் ஏற்றி வைக்க நல்ல கண்ணும் நடுங்காத விரலும் வேண்டும். முடிவு செய்யும் முன் ஹெச்ஓ, ‘N’ இரண்டு ஸ்கேலிலும் ஒவ்வொரு வேகனைக் கையில் எடுத்து, தண்டவாளத்தில் பத்து முறை வைத்து எடுத்துப் பாருங்கள். என் அனுபவத்தில் முதல் லேஅவுட்டுக்கு ஹெச்ஓ அல்லது ஓஓ சரியாக இருக்கும். கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் அதற்கானவை.

2. திட்டம்

வட்டப் பாதையை விட்டுவிடுங்கள். ஹெச்ஓவில் சின்ன வளைவுக்கே சுமார் 36 சென்டிமீட்டர் ஆரம் தேவைப்படும். வட்டம் போட்டால் பலகை 80 சென்டிமீட்டருக்குக் குறையாமல் அகலமாகிவிடும். அதோடு, ரயில் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டு உட்காருவது சில நாளிலேயே சலித்துவிடும். ஷண்டிங், அதாவது வேகன்களை இன்ஜினால் பிரித்துச் சேர்த்து வரிசை மாற்றுவது, அப்படிச் சலிப்பதில்லை.

ஆலன் ரைட் என்ற பிரிட்டிஷ் மாடலர் உருவாக்கிய ‘இங்கிள்நூக் சைடிங்ஸ்’ அமைப்பைத்தான் நான் பரிந்துரைப்பேன். அதில் இரண்டே பாயிண்ட் (தடம் பிரியும் இடம்), மூன்று சைடிங் (வேகன்களை நிறுத்தும் பக்கத் தடம்). நீளமான சைடிங்கில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டிலும் மும்மூன்று. இவை மூன்றும் சேரும் இடத்திலிருந்து எதிர்ப்பக்கம் ஒரு தடம் போகும். அதை ஹெட்ஷண்ட் என்பார்கள். அதில் இன்ஜினும் மூன்று வேகனும் மட்டும் அடங்க வேண்டும். வேகன் மொத்தம் எட்டு. சைடிங்குகளில் பதினோரு இடம், அதில் மூன்று காலி. இந்த மூன்று காலி இடம்தான் விளையாட்டின் உயிர்.

நீளத்தைக் கணக்குப் போடுவோம். இரண்டு அச்சுள்ள சின்ன வேகன், வண்டிகளை இணைக்கும் கப்ளிங்கோடு சுமார் 12 சென்டிமீட்டர் வரும். ஐந்து வேகனுக்கு 60. ஹெட்ஷண்டில் மூன்று வேகன், ஒரு சின்ன இன்ஜின் என்று 51. இரண்டு பாயிண்டுக்கும் சேர்த்து 40. பாயிண்டைத் தாண்டி, பக்கத்துத் தடத்தில் போகும் வண்டி உரசாமல் இருக்க 10 சென்டிமீட்டராவது விட வேண்டும். மொத்தம் 161. முனைகளில் தடுப்புக்கட்டைக்கும் இடம் விட்டால் 180 போதும். நீள வேகன்களை வாங்கினால் இந்தக் கணக்கு தப்பிவிடும், அதனால் முதலில் வேகனை வாங்கி அளந்துவிட்டுப் பலகையை வெட்டுங்கள்.

பாயிண்டுகளைத் தாளில் நகலெடுத்து வெட்டி, தரையிலோ மேசையிலோ பரப்பிப் பாருங்கள். வேகன்களையும் அதன்மேல் நிறுத்துங்கள். காகிதத்தில் நகர்த்துவது நிமிட வேலை.

3. பலகை

9 மில்லிமீட்டர் பிளைவுட் மேல்தட்டு, அடியில் மரச்சட்டம், 40 சென்டிமீட்டருக்கு ஒரு குறுக்குச்சட்டம். இவ்வளவு போதும். கனமான துகள் பலகை வேண்டாம். அது காலப்போக்கில் தொய்யும், தூக்கவும் முடியாது. 90 சென்டிமீட்டர் வீதம் இரண்டு பலகையாகச் செய்து போல்ட் போட்டு இணைத்தால் ஒருவரே எடுத்து வைக்கலாம்.

உயரத்தை உட்கார்ந்த நிலையில் பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து முழங்கையை மடக்கினால் எந்த உயரத்தில் இருக்கிறதோ, பலகையும் ஏறக்குறைய அந்த உயரத்தில் இருந்தால் தோள் வலிக்காது. கால் நீட்ட அடியில் இடம் இருக்க வேண்டும்.

ரசமட்டம் வைத்து நீளத்திலும் அகலத்திலும் சமம் பாருங்கள். இதை அவசரப்பட்டு முடித்துவிடாதீர்கள். கொஞ்சம் சரிவு இருந்தாலும் இன்ஜினிலிருந்து கழற்றிய வேகன் தானாக உருண்டு போய்விடும், அப்புறம் ஷண்டிங் நடக்காது.

வெளிச்சமும் பலகையின் ஒரு பகுதிதான். வெள்ளை எல்இடி பட்டை ஒன்றை முன்பக்கம் மேலே கட்டுங்கள். தலைக்குப் பின்னால் விளக்கு இருந்தால் உங்கள் நிழலே வேலை மேல் விழும். தலையில் மாட்டும் பூதக்கண்ணாடி ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். நான் இரண்டு வருடம் கழித்து வாங்கினேன், முதல் நாளே வாங்கியிருக்க வேண்டும்.

4. தண்டவாளம்

நிக்கல் சில்வர் தண்டவாளம் கேட்டு வாங்குங்கள். பெயரில்தான் வெள்ளி, உண்மையில் அது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. இரும்புபோல் துருப்பிடிக்காது.

பாயிண்டுகளை முதலில் வையுங்கள், மற்ற தடங்களை அவற்றுக்கு ஏற்ப வெட்டிச் சேருங்கள். வெட்டிய முனையை அரத்தால் தேய்த்து மழுங்கச் செய்யுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு இணைப்பின் மேலும் விரலை ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத பிசிறு விரலுக்குத் தெரியும். விரலில் இடறினால் சக்கரமும் அங்கே இடறும். இணைப்புகளில் ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி விடுங்கள், வெயில் காலத்தில் தண்டவாளம் நீளும்.

இப்போதைக்குச் சின்ன ஆணிகளால் மட்டும் பிடிக்கவிடுங்கள். பசை வேண்டாம். எட்டு வேகனையும் ஒவ்வொன்றாகக் கையால் தள்ளி, மூன்று தடத்திலும் இரண்டு திசையிலும் ஓட்டிப் பாருங்கள். ஒரு வேகன் மட்டும் எல்லா இடத்திலும் இறங்கினால் குறை அதன் சக்கரத்தில். எல்லா வேகனும் ஒரே இடத்தில் இறங்கினால் குறை அந்த இணைப்பில்.

5. மின்சாரம்

ஒரே இன்ஜின் என்றால் சாதாரண 12 வோல்ட் டிசி கன்ட்ரோலர் போதும். வீட்டு மின்சாரத்தைத் தொடும் பகுதியை நீங்கள் செய்யாதீர்கள். மூடிய, தரச் சான்றுள்ள கன்ட்ரோலரையே வாங்குங்கள். இரண்டு ஒயர், இரண்டு தண்டவாளம். முன்னால் பார்த்து நிற்கும் இன்ஜினின் வலப்பக்கத் தண்டவாளம் பாசிட்டிவ் ஆனால் இன்ஜின் முன்னால் போகும், மாற்றினால் பின்னால். டிஜிட்டல் முறையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மின்சாரத்தை ஹெட்ஷண்ட் பக்கத்திலிருந்து கொடுங்கள், அதாவது தடம் இரண்டாகப் பிரிவதற்கு முந்தைய இடத்திலிருந்து. தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் நடுமுனை பிளாஸ்டிக்காக இருக்கும் பாயிண்டுகள் ஆரம்பத்துக்கு எளிது, தனி ஒயரிங் வேண்டாம். ஒரே ஒரு கஷ்டம், குட்டையான நாலு சக்கர இன்ஜின் அந்த பிளாஸ்டிக் மேல் மெதுவாகப் போகும்போது நின்றுவிடும். ஆறு சக்கரத்திலிருந்தாவது மின்சாரம் எடுக்கும் ஷண்டிங் இன்ஜினைத் தேடி வாங்குங்கள்.

சால்டரிங் செய்யக் கை நடுங்கினால், ஒயர் ஏற்கெனவே பற்றவைத்த தண்டவாள இணைப்பிகள் கிடைக்கின்றன. தயங்காமல் அதை வாங்குங்கள். நீங்களே பற்றவைப்பதானால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சூட்டைச் சட்டென்று கொடுத்து எடுங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் கட்டை உருகும். ஒயர்களைப் பலகையின் முன்விளிம்புக்குக் கொண்டுவந்து, ஸ்குரூ போட்டு இறுக்கும் இணைப்புப் பட்டையில் சேருங்கள். பலகையைப் பக்கவாட்டில் நிமிர்த்தி நாற்காலியில் உட்கார்ந்தபடியே இதையெல்லாம் செய்யலாம்.

இன்ஜின் திக்கித் திக்கி ஓடினால் பெரும்பாலும் அழுக்குதான் காரணம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் தண்டவாளத்தையும் சக்கரத்தையும் துடையுங்கள். கன்ட்ரோலரை அணைத்துவிட்டுச் செய்யுங்கள், ஆல்கஹால் சுலபமாகத் தீப்பிடிக்கும். உப்புத்தாள் வேண்டாம். அது விடும் கீறல்களில்தான் அடுத்த அழுக்கு சேரும்.

6. ஜல்லியும் நிலமும்

இரண்டு வாரம் தடம் புரளாமல் ஓடிய பிறகே இதில் இறங்குங்கள். உலர்ந்த ஜல்லியைத் தூவி, மெல்லிய தூரிகையால் ஸ்லீப்பர்களுக்கு இடையில் ஒதுக்குங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டுக் கலந்த தண்ணீரைப் பனிபோல் தெளியுங்கள். பிறகு பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வெள்ளை மரப்பசையைச் சொட்டுக் குழாயால் விடுங்கள். மறுநாள் வரை தொடக்கூடாது. பாயிண்டின் அசையும் நாக்குகள் பக்கம் பசையைக் கொண்டுபோகவே வேண்டாம்.

நிலத்துக்குச் சலித்த மண் நன்றாக இருக்கும், ஆனால் அதன்மேல் ஒரு காந்தத்தை ஓட்டி இரும்புத் துகள்களை எடுத்துவிடுங்கள். அவை இன்ஜின் மோட்டாரின் காந்தத்துக்குள் போனால் மோட்டார் கெடும். காய்ந்த தேயிலைச் சக்கை நல்ல சருகுத் தரை ஆகும். பின்பக்கம் அட்டையில் செய்த கட்டடங்களின் முகப்பு மட்டும் போதும். அட்டையை ஒரே அழுத்தில் வெட்டாமல், புது பிளேடால் இரும்பு ஸ்கேல் வைத்து நாலைந்து முறை லேசாக இழுங்கள்.

7. ஓட்டம்

எட்டு வேகனுக்கும் எட்டுச் சீட்டு. ஐந்து வேகனை நீள சைடிங்கிலும் மூன்றை இன்னொன்றிலும் நிறுத்துங்கள். சீட்டுகளைக் கலைத்து ஐந்தை எடுங்கள். வந்த வரிசையிலேயே அந்த ஐந்து வேகனும் நீள சைடிங்கில் ரயிலாக நிற்க வேண்டும். கையால் தூக்கக்கூடாது, இன்ஜின்தான் இழுக்க வேண்டும். எட்டிலிருந்து ஐந்தை வரிசையாக எடுக்க 6720 வழி இருக்கிறது. தினமும் ஒன்று ஆடினால் 18 வருடத்துக்கு மேல் வரும். கப்ளிங்கைப் பிரிக்க, வளைந்த கொக்கி வகையென்றால் ஒரு மூங்கில் குச்சி போதும்; அதைப் பிடித்தபடி கையின் அடிப்பக்கத்தைப் பலகை விளிம்பில் ஊன்றிக்கொண்டால் நடுக்கம் தெரியாது.

ஒன்றை மட்டும் இப்போதே செய்து வையுங்கள். ஹெட்ஷண்ட் முனையில் இருக்கும் தடுப்புக்கட்டையைப் பசை போட்டு ஒட்டாமல் ஸ்குரூவால் மாட்டுங்கள். பிறகு லேஅவுட்டை நீட்டினால், அடுத்த பலகை அந்தப் பக்கம்தான் வந்து சேரும்.