எட்டு விளக்கும் எரிந்தது, நெட் மட்டும் ஓடவில்லை: சின்ன ஆபீஸ் நெட்வொர்க்கில் வேகம் எங்கே போகிறது?

கும்பகோணத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொடுக்கிறேன். பழைய காலத்து வீடு. ரேழியில் ஃபைபர் பெட்டியும் 16 போர்ட் ஸ்விட்சும். இரண்டாம் கட்டில், அதாவது பின்கட்டில், நாலு கம்ப்யூட்டர், அவற்றுக்கு ஒரு 8 போர்ட் ஸ்விட்ச். நடுவே முற்றத்தைச் சுற்றி, உத்தரத்தை ஒட்டி ஒரே ஒரு ஒயர். ஏறக்குறைய 30 மீட்டர். சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலியெல்லாம் வீட்டுக்குள் குடிவந்துவிடும் அல்லவா, அதில் ஒன்று அந்த ஒயரைக் கடித்துவிட்டது. புது ஒயரை நானேதான் இழுத்தேன், நானேதான் கிரிம்ப் செய்தேன் (முனையில் பிளாஸ்டிக் ஜாக்கை அழுத்திப் பொருத்துவது). இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் 20ஆம் தேதி, மாதாந்திர ஜி.எஸ்.டி.ஆர்.-3பி (ஜி.எஸ்.டி. வரிக் கணக்கு) தாக்கலுக்குக் கடைசி நாள். "தம்பி, பின்கட்டுல எல்லாருக்கும் சுத்திக்கிட்டே இருக்குப்பா" என்று ஆடிட்டர் சாரிடமிருந்து போன். நெட் கம்பெனியில் புகார் கொடுத்தோம். வந்தவர் தன் லேப்டாப்பைப் பெட்டியில் நேராகச் செருகினார். 200 எம்.பி.பி.எஸ். பிளானுக்கு 190 வந்தது. "எங்க சைடு கிளியர் சார்" என்று கிளம்பிவிட்டார். எனக்குக் கோபமான கோபம். ஆனால் அவர் சொன்னதுதான் நிஜம்.

அன்றிலிருந்து, யார் "நெட் ஸ்லோ" என்றாலும் கீழே உள்ள வரிசையில்தான் பார்க்கிறேன். ஐபி முகவரி என்றால் என்ன, ஸ்விட்ச் என்றால் என்ன என்பதெல்லாம் இங்கே கிடையாது.

படி 1: பெட்டியிலேயே அளந்து பாருங்கள்

ஃபைபர் பெட்டியிலிருந்து ஆபீஸுக்குப் போகும் ஒயரைக் கழற்றுங்கள். ஒரு லேப்டாப்பை, கடையில் வாங்கிய நல்ல பேட்ச் கார்டால் (இரண்டு முனையிலும் ஜாக் பொருத்தியே வரும் சின்ன ஒயர்) நேராகச் செருகி ஸ்பீட் டெஸ்ட் ஓட்டுங்கள். வைஃபையில் வேண்டாம், அது தனிக் கச்சேரி. இங்கேயே வேகம் இல்லையென்றால் கம்பெனியைக் கூப்பிடலாம். இங்கே சரியாக வந்தால் திருடன் வீட்டுக்குள்தான் இருக்கிறான்.

ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. பிளானில் எழுதியிருப்பது மெகாபிட், டவுன்லோடு ஆகும்போது பிரவுசர் காட்டுவது மெகாபைட். எட்டால் வகுக்க வேண்டும். 100 எம்.பி.பி.எஸ். என்றால் வினாடிக்கு 12.5 மெகாபைட்தான். "நூறு சொல்லி பன்னிரண்டுதான் தர்றான்" என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

படி 2: லிங்க் ஸ்பீட்

ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க், அதில் ஈதர்நெட். லிங்க் ஸ்பீட் (ஒயரின் இரண்டு முனையும் ஒப்புக்கொண்ட வேகம், மெகாபிட்டில்) என்ற இடத்தில் 1000/1000 இருக்கிறதா, 100/100 இருக்கிறதா என்று பாருங்கள்.

1000 வர வேண்டிய இடத்தில் 100 வந்தால் ஒயரைத்தான் முதலில் சந்தேகிப்பேன். 100 மெகாபிட்டுக்கு எட்டுக் கம்பியில் நாலு போதும் (1, 2, 3, 6). கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மற்ற நாலில் ஒரு கம்பி அறுந்தாலும் பெரும்பாலும் இரண்டு முனையும் பேசிக்கொண்டு 100க்கு இறங்கிவிடும், யாரிடமும் சொல்லாது. ஸ்பீட் டெஸ்ட் எத்தனை தடவை ஓட்டினாலும் 94, 95 என்று ஒரே இடத்தில் நின்றால் பெரும்பாலும் இதுதான் சங்கதி.

அப்படியே அடாப்டர் (கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டு) பிராப்பர்ட்டீஸில் 'ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ்' ஆட்டோவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். யாராவது ஆர்வக்கோளாறில் '100 ஃபுல்' என்று மாற்றியிருந்தால், எதிரே ஆட்டோவில் இருக்கும் ஸ்விட்ச் பேச்சுக்குப் பதில் கிடைக்காமல் ஹாஃப் டூப்ளெக்ஸுக்குப் (ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பேசும் முறை) போய்விடும். பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனை) அழகாக வரும். பெரிய ஃபைல் போனால் மூச்சுத் திணறும்.

படி 3: ஆபீஸுக்குள்ளேயே பிங்

இன்டர்நெட்டை மறந்துவிடுங்கள். கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பிங், இடைவெளி, ரவுட்டர் (இங்கே ஃபைபர் பெட்டிதான்) முகவரி (பெரும்பாலும் 192.168.1.1), இடைவெளி, கழித்தல் குறி, டி என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்த கண்ட்ரோல், சி. ஒயர் வழியாக என்றால் 1 மில்லிசெகண்டோ அதற்கும் குறைவோ வர வேண்டும். ஒரு 'டைம்ட் அவுட்' கூட வரக்கூடாது.

நான் ஏமாந்தது இங்கேதான். விண்டோஸ் பிங் அனுப்புவது வெறும் 32 பைட். எலிக்குட்டி மாதிரி எந்தப் பொந்திலும் நுழைந்து போய்விடும். எனக்கு நூற்றுக்கு நூறு வந்தது, ஒயர் சரி என்று முடிவு கட்டிவிட்டேன். அதே கட்டளையோடு இன்னொரு கழித்தல் குறி, எல், இடைவெளி, 1400 என்று சேர்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. பத்துக்கு மூன்று, நான்கு காணாமல் போயின.

படி 4: பாதி பாதியாக வெட்டுங்கள்

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நடக்க வேண்டிய வேலை. ரேழி ஸ்விட்சில் செருகிப் பாருங்கள், சரியா? பின்கட்டு ஸ்விட்சுக்கு வரும் ஒயரைக் கழற்றி லேப்டாப்பில் நேராகச் செருகுங்கள், சரியா? எந்த இடத்துக்கு முன்னால் நன்றாக இருந்து, பின்னால் கெட்டதோ அங்கே நில்லுங்கள். எனக்கு ரேழியில் 190, பின்கட்டில் ஸ்விட்சையே விட்டுவிட்டு ஒயரில் நேராகச் செருகியும் 4. அப்படியென்றால் ஒயர்தான். என் ஒயர்.

படி 5: ஒயர் (கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்)

சில நூறு ரூபாய் டெஸ்டர் ஒன்று வைத்திருக்கிறேன். 1 முதல் 8 வரை வரிசையாகப் பச்சை விளக்கு எரியும். என் ஒயரில் எட்டும் எரிந்தது. மூன்று தடவை பார்த்தேன். அப்புறம் ஸ்விட்சை மாற்றினேன், அடாப்டரை மாற்றினேன், ஒரு ஞாயிற்றுக்கிழமையே போயிற்று.

விஷயம் இதுதான். ஒயருக்குள் எட்டுக் கம்பியும் நாலு ஜோடியாக முறுக்கப்பட்டிருக்கும். ஒரு ஜோடியில் ஒரு கம்பியில் போகும் சிக்னலுக்கு மற்றதில் போவது தலைகீழ். இரண்டும் பின்னிக்கொண்டு போவதால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறி, கடைசியில் கழிந்துவிடும். ஜாக்கில் ஜோடிகள் உட்கார வேண்டிய இடம்: 1–2, 3–6, 4–5, 7–8. மூன்றுக்குத் துணை நான்கு இல்லை, ஆறு!

நானோ பார்வைக்கு அழகாக ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று அடுக்கினேன். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி. கம்பி இங்கிருந்து அங்கே தொடர்ச்சியாகப் போகிறதா என்பதைத்தான் டெஸ்டர் பார்க்கும். எது எதோடு முறுக்கியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. 3இல் பச்சை ஜோடியின் ஒரு கம்பி, 6இல் நீல ஜோடியின் ஒரு கம்பி. ஜோடி மாறிப் போயிற்று, இரைச்சல் கழியவில்லை. ஒரு மீட்டர் ஒயரில் இதே தப்பைச் செய்தால் ஓடினாலும் ஓடும். 30 மீட்டரில் மானம் போகும்.

சரியான வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. ஜாக்கின் கொக்கி கீழே, பித்தளை நிறப் பல் மேலே, ஒயர் உங்கள் பக்கமிருந்து நுழைகிறது என்றால் இடமிருந்து வலம். முறுக்கைத் தேவைக்கு மேல் பிரிக்காதீர்கள், ஒரு விரற்கடை கூட வேண்டாம். வெளித்தோல் ஜாக்குக்குள் நுழைந்து மாட்டிக்கொள்ள வேண்டும். கம்பி மறுபக்கம் எட்டிப் பார்க்கும் பாஸ்-த்ரூ ஜாக்தான் இப்போது வாங்குகிறேன். வரிசையைக் கண்ணால் பார்த்துவிட்டு அழுத்தலாம். பழைய ஜாக்கோடு மல்லுக்கட்டுவதில் எந்தப் பெருமையும் இல்லை.

இரண்டு முனையையும் வெட்டி மறுபடி கிரிம்ப் செய்தேன். பின்கட்டில் 188.

ஒயர் வாங்கும்போது ஒன்று. விலை ரொம்பக் குறைவாக இருந்தால் பிளேடால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியத்துக்குத் தாமிரப் பூச்சு, வளைத்தால் ஒடியும். முழுத் தாமிரம்தான் வாங்குங்கள், கேட் 6 ரகம் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் முற்றத்துச் சாரல் படும் இடமென்றால் பி.வி.சி. பைப்புக்குள் விடுங்கள். எலிக்கும் அதுதான் மருந்து. ஸ்விட்சிலிருந்து அடுத்த முனைவரை 100 மீட்டருக்கு மேல் போகக்கூடாது.

படி 6: யார் தின்கிறார்கள்?

ஒயரெல்லாம் சரி, ஆனாலும் பகலில் மட்டும் மெதுவாக இருக்கிறதென்றால் ஒவ்வொரு மெஷினிலும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து நெட்வொர்க் பத்தியைப் பாருங்கள். கிளவுட் பேக்கப், விண்டோஸ் அப்டேட், ஃபோனுக்கு வீடியோ அனுப்பும் கேமரா டி.வி.ஆர். (பதிவுப் பெட்டி), இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அப்லோடு நிரம்பினால் டவுன்லோடும் தடுமாறும். பேக்கப்பை ராத்திரிக்குத் தள்ளுங்கள். ஒரே ஒரு தளம் மட்டும் சுற்றுகிறதென்றால் ஒயரைக் குறை சொல்லாதீர்கள்.

பின்சேர்க்கை 1

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ரைஸ் மில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒருவர் எழுதியிருந்தார்: "எல்லா ஒயரும் மாத்திட்டேன் அண்ணே, 94 தாண்ட மாட்டேங்குது." ஃபைபர் பெட்டியின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். நாலு போர்ட்டில் முதலாவது மட்டும் ஜி.இ., அதாவது கிகாபிட்; மற்றவை எஃப்.இ., அதாவது 100 மெகாபிட். இவர் ஸ்விட்சை மூன்றாவதில் செருகியிருந்தார். மாற்றிச் செருகினார், முடிந்தது. படி 1இல் எந்த போர்ட்டில் அளக்கிறீர்கள் என்று நான் எழுதாமல் விட்டது என் தப்பு. ஆபீஸுக்குப் போகும் ஒயர் எந்த போர்ட்டில் இருந்ததோ அதிலேயே ஒரு தடவை, ஜி.இ.யில் ஒரு தடவை என்று அளந்து பாருங்கள்.

பின்சேர்க்கை 2

மன்னார்குடியிலிருந்து இன்னொருவர். போகிக்கு ஒட்டடை அடித்த மறுநாளிலிருந்து ஆபீஸ் முழுக்க நெட் செத்துவிட்டது, ஸ்விட்ச் விளக்கெல்லாம் ஒன்றாகப் பட்பட்டென்று துடிக்கிறது என்றார். சுத்தம் செய்தவர், தொங்கிக்கொண்டிருந்த ஒயர் முனையை நல்லெண்ணத்தோடு பக்கத்திலிருந்த காலி ஓட்டையில் செருகிவிட்டார். அதன் இன்னொரு முனையும் அதே ஸ்விட்சில்தான் இருந்தது. இதுதான் லூப். எல்லாருக்கும் என்று கிளம்பிய ஒரு பாக்கெட் சுற்றிச் சுற்றிப் பெருகி நெட்வொர்க்கையே அடைத்துவிடும். மலிவான ஸ்விட்ச் பெரும்பாலானவற்றுக்கு அதைத் தடுக்கத் தெரியாது. ஒவ்வொரு ஒயராக உருவிப் பார்க்கச் சொன்னேன். ஐந்தாவதை உருவியதும் துடிப்பு அடங்கியது.

நான் இப்போது ஒயரின் இரண்டு முனையிலும் மாஸ்கிங் டேப் சுற்றி எண் எழுதிவைக்கிறேன். முற்றத்து ஒயருக்கு எண் 7.