டர்பனில் பழைய ஹேட்ச்பேக் கார் வாங்குமுன் எதை எதோடு ஒப்பிடுவது

பழைய கார் ஒன்று வாங்கப் போவதாக எங்கள் குடும்பத்தில் யாராவது சொன்னால், அடுத்து வரும் கேள்வி "போலோவா, டொயோட்டாவா?" என்பதுதான். கேள்வியில் தவறில்லை, ஆனால் பெரும்பாலோர் அதோடு ஒப்பிடுவதை நிறுத்திவிடுகிறார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் கூரைக்கு அடியில் நின்ற 2019ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வேகன் போலோ விவோவும், டர்பன் பிளஃப் பகுதியில் கடலைப் பார்த்தபடி தெருவோரம் நின்ற அதே ஆண்டு விவோவும் விளம்பரத்தில் ஒரே வண்டியாகத்தான் தெரியும். அந்த இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம், விவோவுக்கும் டொயோட்டா எட்டியோஸுக்கும் இடையே உள்ளதைவிடப் பெரிது. எனவே மாடல்களை வீட்டில் உட்கார்ந்து காகிதத்தில் ஒப்பிட்டுவிட்டு, வண்டிகளைப் பகல் வெளிச்சத்தில் நேரில் ஒப்பிட வேண்டும்.

முதலில் மாடல்கள். குறைந்த விலை ஹேட்ச்பேக் என்றால் இங்கே பேச்சில் வருபவை போலோ விவோ, டொயோட்டா எட்டியோஸ், டொயோட்டா ஸ்டார்லெட், சுசூகி ஸ்விஃப்ட், ஹூண்டாய் கிராண்ட் ஐ10, கியா பிகாண்டோ, ரெனோ க்விட், ஃபோர்டு ஃபிகோ, டாட்சன் கோ ஆகியவை. இவற்றில் விவோ மட்டும் நம் தென்னாப்பிரிக்காவின் கரியேகாவில் தயாராகிறது; மற்றவற்றில் பல இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவை, கிராண்ட் ஐ10, க்விட், டாட்சன் கோ மூன்றும் சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பிறந்தவை. உள்ளூரில் தயாராவதாலும் தெருவெங்கும் ஓடுவதாலும் விவோவுக்கு உதிரிபாகம் எளிதில் கிடைக்கும். அதே காரணத்தால் திருடர்களுக்கும் அது பிடித்த வண்டி என்பதைக் காப்பீட்டுக் கட்டணம் கேட்கும்போது உணர்வீர்கள். விவோவின் 1.4 எஞ்சினில் இருப்பது டைமிங் பெல்ட், அதாவது எஞ்சினின் பாகங்களை ஒத்திசைவாக ஓட்டும் ரப்பர் பட்டை. அது மாற்றப்பட்டதற்கான ரசீது இல்லையென்றால், அந்தச் செலவு இன்னும் பாக்கி என்றே கணக்கில் எழுதுங்கள். எட்டியோஸ், ஸ்விஃப்ட் போன்றவற்றில் செயின் இருப்பதால் அந்தக் கவலை குறைவு, ஆனால் எண்ணெய் மாற்றாமல் ஓட்டப்பட்ட வண்டியில் செயினும் இழுபட்டுப்போகும்.

2020இல் வந்த ஸ்டார்லெட், சுசூகி பலேனோவேதான். இரண்டும் ஒரே தொழிற்சாலையில் தயாரானவை, முகப்பும் முத்திரையும்தான் வேறு. ஆகவே ஸ்டார்லெட் பார்க்கும் எவரும் அதே ஆண்டு, அதே ஓட்டம் உள்ள பலேனோ ஒன்றின் விலையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் பேரம் தொடங்கக் கூடாது. முத்திரைக்காகக் கூடுதலாகக் கொடுப்பதை நான் கேலி செய்யவில்லை, விற்கும்போது அதில் ஒரு பங்கு திரும்பி வரும். எவ்வளவு கொடுக்கிறோம் என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். டாட்சன் என்ற பெயரையே நிசான் 2022இல் நிறுத்திவிட்டது. ஃபோர்டு 2021இல் இந்தியத் தயாரிப்பைக் கைவிட்டதோடு ஃபிகோவும் முடிந்துபோனது. இவை மலிவாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பாதுகாப்பை விலைக்குப் பிறகு பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. குளோபல் என்கேப் அமைப்பு 2017 நவம்பரில் நம் நாட்டில் விற்கப்பட்ட ஐந்து சிறிய கார்களை மோதிப் பார்த்தபோது, பெரியவர்களுக்கான பாதுகாப்பில் எட்டியோஸ் 4 நட்சத்திரமும், விவோவும் ரெனோ சாண்டெரோவும் 3 நட்சத்திரமும், டாட்சன் கோ பிளஸ் 1 நட்சத்திரமும் பெற்றன. செரி கியூகியூ3 ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. க்விட், டாட்சன் கோ ஆகியவற்றின் முதல் சில ஆண்டு வண்டிகளில், அழுத்தி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் கிடையாது. சாட்ஸ்வர்த்தின் சரிவுகளில் மழை நாளில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வதற்கு அத்தகைய வண்டியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

மாடல் இரண்டாகவோ மூன்றாகவோ சுருங்கிய பிறகு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பத்தி ஒதுக்கி மூன்று ஆண்டுச் செலவை எழுதுங்கள். கேட்கும் விலை, டயர், அடுத்து வரும் சர்வீஸ், பெல்ட், காப்பீடு, கடன் வாங்குவதானால் வட்டி, டீலர் 'ஆன் தி ரோடு' என்று சேர்க்கும் கட்டணம் ஆகிய எல்லாம் அதில் வர வேண்டும். நம்மவர்கள் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மணிக்கணக்கில் வாதிடுவார்கள். நூறு கிலோமீட்டருக்கு 5 லிட்டர் குடிக்கும் வண்டிக்கும் 6 லிட்டர் குடிக்கும் வண்டிக்கும், மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால், வித்தியாசம் 10 லிட்டர்தான். காப்பீட்டில் மாதம் 300 ராண்ட் வித்தியாசம் என்றால் மூன்று ஆண்டில் அது 10,800 ராண்ட். எனவே வண்டியைப் பார்க்கப் போகுமுன்பே காப்பீட்டு நிறுவனத்தை அழைத்து, மாடல், ஆண்டு, இரவில் வண்டி நிற்கும் இடம், கேட் உண்டா இல்லையா என்பதையெல்லாம் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கட்டணம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இனி வண்டியை நேரில் பார்ப்பது. நம் ஊரில் முதல் எதிரி உப்புக் காற்று. பெயின்ட் பளபளப்பாக இருப்பதைப் பார்த்து மயங்காமல், கதவைத் திறந்து அதன் அடி விளிம்பின் உட்புறத்தில் விரலை மெல்ல ஓட்டுங்கள். அரிசி மணி அளவில் கொப்புளம் தட்டுப்பட்டால் துரு உள்ளிருந்து வெளியே வருகிறது என்று பொருள். பானெட்டின் முன் விளிம்பு, முன் கண்ணாடியின் கீழ்க்கோடு, டிக்கி மூடியின் மடிப்பு, பிரேக் குழாய்கள் ஆகிய இடங்களையும் அப்படியே பாருங்கள். மேலோட்டமான துருவுக்கு விலை குறைத்துக் கேட்கலாம். அடித்தளத்தில் உள்ள துருவுக்கு விலை பேசாமல் திரும்பி வந்துவிடலாம்.

இரண்டாவது எதிரி வெள்ளம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் பிராஸ்பெக்டனில் உள்ள டொயோட்டா தொழிற்சாலையே மூழ்கியது. நீரில் நின்ற வண்டிகள் எல்லாம் கழிவுக்குப் போய்விட்டன என்று நம்புவதற்கில்லை. அதற்கு அடுத்த ஆண்டு என் மைத்துனர் ஒரு டீலரிடம் மாசு மருவற்ற கிராண்ட் ஐ10 ஒன்றை வாங்கினார். மூன்று மாதம் நன்றாக ஓடிய வண்டி, பிறகு நள்ளிரவில் தானாகவே கதவுப் பூட்டைத் திறந்துகொள்ளத் தொடங்கியது. மின் வேலை செய்பவர் எதையும் கழற்றவில்லை. ஓட்டுநர் பக்கத்து சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துக் காட்டினார். யாரும் வழக்கமாக இழுக்காத அந்தக் கடைசி ஒரு முழத்தில், தேநீர்க் கறைபோல் ஒரு கோடு இருந்தது, அதற்குக் கீழே சேறு படிந்த நிறம். அன்றிலிருந்து நான் எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் செய்வது பெல்ட்டை இழுப்பதுதான். அதோடு டிக்கியின் விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னி இருக்கும் குழியில் மணல் உண்டா என்றும், இருக்கைத் தண்டவாளங்களில் துரு உண்டா என்றும் பார்த்துவிட்டு, கண்ணாடிகளை ஏற்றி மூடி, ஏ.சி.யைப் போட்டுப் புழுங்கல் வாடை வருகிறதா என்று முகருங்கள். வாசனைத் திரவியம் தூக்கலாக மணக்கும் வண்டியில் சந்தேகம் கூடுவதே சரி.

ஓட்டமானி சொல்வதை டயர் சரிபார்க்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3219 என்றால் 2019ஆம் ஆண்டின் 32ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. 2021இல் பதிவாகி 35,000 கிலோமீட்டர்தான் ஓடியதாகச் சொல்லப்படும் வண்டியில் நான்கு டயரும் 2024இல் செய்யப்பட்டவையாக இருந்தால், முதல் டயர்கள் ஏன் அத்தனை விரைவில் தேய்ந்தன என்று கேளுங்கள். பிரேக் மிதியின் ரப்பரும், ஓட்டுநர் இருக்கையின் வலப்பக்க விளிம்பும் பொய் சொல்லாது. சட்டப்படி டயரில் 1 மில்லிமீட்டர் பள்ளம் போதும் என்றாலும், அந்த நிலையில் உள்ள டயரைத் தேய்ந்துபோனதாகவே கணக்கில் எழுதுங்கள்.

சாவியைத் திருப்பியதும் ஏ.பி.எஸ்., ஏர்பேக் விளக்குகள் எரிந்து பின் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால், ஒன்று அந்த வசதி வண்டியில் இல்லை, அல்லது குறையை மறைக்க யாரோ விளக்கைப் பிடுங்கியிருக்கிறார்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே முதல் முறை இயக்கிப் பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். சமதளத்தில் எல்லாச் சிறிய காரும் நன்றாகத்தான் ஓடும், ஆகவே ஓட்டிப் பார்க்கும் பாதையை நீங்களே தேர்ந்தெடுங்கள். பைன்டவுனிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில்லில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, ஏ.சி. ஓடும்போது ஏறிப் பாருங்கள்; கிளட்ச் நழுவினால் எஞ்சின் சத்தம் கூடும், வேகம் கூடாது. ஜோகன்னஸ்பர்க்கில் உறவினர் உள்ளவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும்: டர்போ இல்லாத எஞ்சின், ஏறத்தாழ 1,700 மீட்டர் உயரத்தில் உள்ள அந்த ஊரில், தன் வலுவில் ஆறில் ஒரு பங்கை இழந்துவிடும். 1.0 லிட்டர் வண்டியில் குடும்பத்தோடு அங்கே போகும் வழியிலுள்ள வான் ரீனன் கணவாயை ஏறும்போது லாரிகளின் பின்னால் வரிசையில் நிற்பதுதான் நடக்கும்.

காகிதங்களுக்கு வருவோம். நாட்டிஸ் என்னும் தேசிய வாகனப் பதிவு அமைப்பு தரும் பதிவுச் சான்றிதழில் உரிமையாளர் என்று ஒருவரும் டைட்டில் ஹோல்டர் என்று வேறொருவரும் இருக்கலாம். இரண்டாவது இடத்தில் வங்கியின் பெயர் இருந்தால் கடன் இன்னும் தீரவில்லை. அப்போது விற்பவர் கையில் பணம் கொடுக்காமல், வங்கியிடமிருந்து பாக்கித் தொகைக் கடிதம் வாங்கி, அந்தத் தொகையை நேரே வங்கிக்கே செலுத்த வேண்டும். வண்டியின் நிலை கோட் 2 என்றிருந்தால் சாதாரணப் பழைய வண்டி. கோட் 3 என்றால் நொறுங்கித் திரும்பக் கட்டப்பட்டது, எவ்வளவு மலிவானாலும் காப்பீட்டிலும் மறுவிற்பனையிலும் உங்களைத் துரத்தும். முன் கண்ணாடியில் உள்ள லைசென்ஸ் டிஸ்க்கின் சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும், வண்டியில் பொறித்திருப்பதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வாரன்டி மீதமிருந்தால் சர்வீஸ் புத்தகத்தைக் கேளுங்கள். 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த போட்டி ஆணைய வழிகாட்டுதலின்படி, வெளி மெக்கானிக்கிடம் சர்வீஸ் செய்த ஒரே காரணத்துக்காக வாரன்டியை ரத்துசெய்யக் கூடாது.

டீலரிடம் வாங்குவதா, தனிநபரிடம் வாங்குவதா என்பதற்கு விலையைத் தாண்டிய வித்தியாசம் உண்டு. டீலர் விற்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், முன்கூட்டியே சொல்லப்படாத குறை ஆறு மாதத்துக்குள் வெளிப்பட்டால், பழுதுபார்ப்பு, மாற்று வண்டி, பணம் திரும்பப் பெறுதல் என்ற உரிமைகள் உங்களுக்கு இருக்கின்றன. தகராறு முற்றினால், புகார்களை விசாரிக்கும் மோட்டார் தொழில் ஆம்பட்ஸ்மன் இருக்கிறார். என் மைத்துனரின் வண்டிக்கு அந்த ஆறு மாதம்தான் கை கொடுத்தது. தனிநபர் விற்கும்போது 'ஃபூட்ஸ்டூட்ஸ்', அதாவது இருக்கிறபடியே என்ற நிபந்தனையோடுதான் விற்பார். குறை தெரிந்தே மறைத்தார் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். ஆகவே தனிநபரிடம் வாங்குவதானால், அவர் கேட்கும் விலை டீலர் விலையைவிடத் தெளிவாகக் குறைந்திருக்க வேண்டும், மிச்சமாகும் தொகையில் ஒரு பகுதியைச் சுயேச்சையான தொழில்நுட்பப் பரிசோதனைக்குச் செலவிட வேண்டும். பரிசோதனைக்கு வண்டியைத் தர மறுப்பவரிடம் மேலே பேச ஒன்றுமில்லை.

விலை படிந்த பிறகு, வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று சொல்லும் ரோட்வொர்த்தி சான்றிதழின் தேதியைப் பாருங்கள்; அது 60 நாள்தான் செல்லும். உரிமை மாற்ற அறிவிப்புப் படிவத்தில் இருவரும் கையெழுத்திட்டதும், விற்றவர் தன் பங்கைத் தாக்கல் செய்ய வேண்டும், நீங்கள் 21 நாளுக்குள் உங்கள் பெயரில் பதிவுசெய்துகொள்ள வேண்டும். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கோயிலுக்குப் போவது அதற்கு முன்பா பின்பா என்பது உங்கள் விருப்பம். காப்பீடு மட்டும் நீங்கள் சாவியை வாங்கும் நேரத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும்.