லைட்டான ஃப்ரெஞ்ச் ரெட் ஒயின்: எப்படி டேஸ்ட் பண்றது, எப்ப தொறக்குறது

ரெட் ஒயின்னா ரூம் டெம்பரேச்சர்ல தான் குடிக்கணும், வருஷக்கணக்கா வச்சிருந்தா தான் ருசி ஏறும்னு யாரோ சொல்லி நம்ம மண்டைல ஏறிடுச்சு. ஃப்ரான்ஸ்ல போஜோலே, லுவார், ஜூரா பக்கம் வர்ற லைட்டான ரெட்டுக்கு இது ரெண்டுமே சரிப்படாது. இதுல முக்காவாசி பாட்டில் இளசா இருக்கும்போதே லேசா ஜில்லுன்னு குடிச்சு முடிக்க வேண்டியது தான்.

முதல்ல சூட்டை சரி பண்ணுங்க. 12லருந்து 14 டிகிரி போதும், வெளிய இருந்த பாட்டில்னா ஒரு முக்கால் மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வைங்க, ஃப்ரிட்ஜ்லயே கிடந்ததுன்னா கொஞ்ச நேரம் முன்னாடி எடுத்து வெளிய வைங்க. சூடா இருந்தா ஆல்கஹால் தான் மூக்குல ஏறும், ரொம்ப ஜில்லுன்னா வாசனையே வராது, டானின் (திராட்சைத் தோல், விதைலருந்து வர்ற துவர்ப்பு) வேற கசக்கும்.

கிளாஸ்ல மூணுல ஒரு பங்குக்கு மேல ஊத்தாதீங்க. வெள்ளை பேப்பருக்கு மேல சாய்ச்சு விளிம்பைப் பாருங்க. ஊதா கலந்த பிங்க்னா இளசு, செங்கல் கலர் தட்டிடுச்சுன்னா வயசாகுதுன்னு அர்த்தம். ஆனா ஜூராவோட பூல்சார் திராட்சைல இந்தக் கணக்கு எடுபடாது, அது பொறந்ததுலருந்தே வெளிறி, கொஞ்சம் ஆரஞ்சா தான் இருக்கும். வெளிறி இருக்குறதால ருசியும் கம்மின்னு நெனச்சுடாதீங்க.

அடுத்து மோந்து பாருங்க, முதல் தடவை கிளாஸை சுத்தாம, அப்புறம் சுத்திட்டு. வாழைப்பழம், மிட்டாய் வாசனை தூக்கலா அடிச்சா அது பெரும்பாலும் கார்பானிக் மேசரேஷன் வேலை, அதாவது கமே திராட்சையை நசுக்காம கொத்தோட மூடின டாங்க்ல கார்பன் டை ஆக்சைடுல வச்சுடுவாங்க, நொதிக்கிறது பழத்துக்குள்ளயே ஆரம்பிக்கும், அதனால பழ வாசனை நிறைய வரும், டானின் கம்மியா தான் வரும். லுவார்ல ஷினோன், சோமூர்-ஷாம்பின்யி எல்லாம் கபெர்னே ஃப்ராங்க் திராட்சை. அதுல ராஸ்பெரியோட பென்சில் சீவுன வாசனையும் பச்சைக் குடமிளகாய் வாசனையும் வரும், கெட்டுப்போச்சுன்னு கீழ ஊத்திடாதீங்க, அந்தத் திராட்சையோட குணமே அது தான். நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனை வந்தா மட்டும் கார்க் கெடுத்துடுச்சு, அதுக்கு வைத்தியம் கிடையாது.

வாய்ல வச்சதும் ரெண்டு விஷயத்தைப் பிரிச்சுப் பாருங்க. நாக்கு ஓரத்துல எச்சில் ஊறுனா அது ஆசிட், ஈறு வறண்டு இழுத்துப் புடிச்சா அது டானின். முழுங்கினப்புறம் பழ ருசி எவ்ளோ நேரம் நிக்குதுன்னும் பாருங்க. எப்ப குடிக்கிறதுங்கற கேள்விக்கு பதில் இங்க தான் இருக்கு: ஆசிடும் டானினும் தூக்கலா, பழம் பின்னாடி ஒளிஞ்சிருந்தா அந்த பாட்டில் காத்திருக்கும், பழம் மட்டும் துள்ளிக்கிட்டு முன்னாடி நின்னா இப்பவே குடிச்சுடுங்க.

தோராயமா சொல்லணும்னா, நவம்பர் மூணாவது வியாழக்கிழமை வர்ற போஜோலே நூவோவை (அந்த வருஷ அறுவடைல பண்ண புது ஒயின்) அடுத்த கோடைக்குள்ள காலி பண்ணிடுங்க. சாதா போஜோலே, போஜோலே வில்லாஜ் எல்லாம் ரெண்டு மூணு வருஷம். போஜோலேல லேபிள்ல ஊர் பேரு வர்ற உசத்தி ரகம், அதாவது க்ரூ, பத்து இருக்கு, அதுல ஷிரூப்ள், ஃப்ளோரி கொஞ்சம் மென்மை, மோர்கோனும் மூலான்-ஆ-வானும் கெட்டி. நல்ல ஆள் பண்ண மூலான்-ஆ-வான் பத்து வருஷம் கூட தாங்கும், வயசான அப்புறம் மோந்து பார்த்தா பர்கண்டி பக்கத்து பினோ நுவார் திராட்சை ஒயினோன்னு சந்தேகம் வரும் (1395ல பர்கண்டி டியூக் பிலிப் இந்த கமே கொடியைத்தான் புடுங்கி எறியச் சொல்லி உத்தரவு போட்டாரு, அவருக்கு இதை ஒரு கிளாஸ் ஊத்திக் குடுத்திருக்கணும்). ஷினோன்ல மணல், சரளை நிலத்துல விளைஞ்சது சீக்கிரம் குடிக்க, சுண்ணாம்புக்கல் சரிவுல விளைஞ்சது வச்சுக் குடிக்க.

இன்னும் குழப்பமா இருந்தா ஒரே ஒயின்ல ரெண்டு மூணு பாட்டில் வாங்குங்க. ஒண்ணைத் தொறந்து பாதி குடிச்சுட்டு கார்க்கைப் போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சு மறுநாள் ருசி பாருங்க. இன்னும் நல்லா ஆயிருந்தா மிச்ச பாட்டிலை ஒரு வருஷமாவது இருட்டா, குளுமையா இருக்குற இடத்துல படுக்க வைக்கலாம், சப்புன்னு ஆயிட்டா மிச்சத்தையும் இந்த மாசமே முடிச்சுடுங்க. வயசான பாட்டிலைத் தொறக்குறதுக்கு முந்துன நாளே நிமிர்த்தி வச்சுடுங்க, மண்டி கீழ இறங்கிடும். அதை டிகாண்டர்ல (காத்து படுறதுக்கு ஒயினை ஊத்தி வைக்கிற கண்ணாடி ஜாடி) ஊத்தி மணிக்கணக்கா வைக்காதீங்க, மிச்சம் மீதி இருக்குற வாசனையும் பறந்துடும்.